நூலகத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம்

தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பிள்ளையின் தமிழ் வாசிப்பு எந்த வயதில் நின்றுபோகிறது? என்னைக் கேட்டால், பதின்மூன்று என்பேன். ஆறாம் ஆண்டு வரை நாள்தோறும் தமிழ் எழுத்தைப் பார்க்கிறோம். படிவம் 1-இல் கால் வைத்ததும் மற்ற பாடங்கள் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்துவிடுகின்றன. தமிழ் ஒற்றைப் பாடமாகச் சுருங்குகிறது. 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் அந்த ஒரு பாடம் நடக்க வேண்டுமானாலும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். கேட்டு நடந்தாலும் பல இடங்களில் அது கால அட்டவணைக்கு வெளியேதான் நடக்கிறது. அதன் பிறகு ஒரு மாணவர் கையில் தமிழ்ப் புத்தகம் இருந்தால், பெரும்பாலும் அது எஸ்.பி.எம். பயிற்சி நூலாகத்தான் இருக்கும்.

நானும் இந்த வழியில் வந்தவள்தான். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம். வாசிப்பு அறுந்துபோன தோழர்களைக் கண்முன்னே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தமிழ் பிடிக்காமல் போகவில்லை. அடுத்து எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்று எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்த ஆள் நிற்கக்கூடிய இடம் நம் வீட்டுக்கு அருகிலேயே இருக்கிறது. அது பொது நூலகம். டத்தோ கிராமாட் சாலையிலிருந்து ஆயர் ஈத்தாம் பக்கம் போனால் ஜாலான் மஸ்ஜிட் நெகிரி வந்துவிடும். அங்கேதான் 2016-இல் பினாங்கு மின்னிலக்க நூலகம் திறக்கப்பட்டது. அடுக்குமாடி வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே சாப்பாட்டு மேசையில் பாடம் படிக்கும் பிள்ளைக்கு, குளிர்ச்சியான அறையும் இணைய வசதியும் பெரிய விஷயம்தான். ஆனால் நாற்காலியும் இணையமும் மட்டும் ஒரு பிள்ளையை வாசகராக்கிவிடாது.

ஒரு வரலாற்றையும் நினைவில் கொள்வோம். 1816-இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கியதை இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக வைத்து, 2016-இல் 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடினோம். அதற்கு அடுத்த ஆண்டே, 1817-இல், இதே ஊரில் பினாங்கு நூலகம் தோன்றியது. ஆனால் அது சந்தா கட்டியவர்களுக்கான நூலகம். சாதாரணத் தொழிலாளியின் பிள்ளை அதற்குள் நுழைய முடியாது. இன்று அந்தக் கதவு நமக்கும் திறந்திருக்கிறது. எனவே அதை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

நூலகம் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த நூல் எத்தனை முறை இரவல் போனது என்பதைப் பொது நூலகங்கள் கணக்கு வைக்கின்றன. இரவல் போகாத நூல் ஒரு நாள் அடுக்கிலிருந்து எடுக்கப்படும். அதே பிரிவில் புதிய நூல் வாங்கப் பணம் ஒதுக்கவும் காரணம் இருக்காது. ஆகவே தமிழ் அடுக்கில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பதிந்துகொண்டு போவது, அந்த அடுக்குக்கு நாம் போடும் ஒரு வாக்கு. “தமிழ் நூல்களே இல்லை” என்று குறை கூறுவதற்கு முன்பு, இருக்கும் நூல்களை எத்தனை பேர் எடுத்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல் தேடலில் இருக்கிறது. பல நூலகங்களின் நூற்பட்டியலில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் பதியப்படுகின்றன. அதற்கென்று தனி விதி உண்டு. ‘சி’ என்ற எழுத்துக்கு நாம் நினைக்கும் ஆங்கில எழுத்து அங்கே இருக்காது. சிறுகதை என்பதை நாம் கைப்பேசியில் தட்டுவது போலத் தட்டினால், நூல் அடுக்கில் இருந்தும் திரையில் வராது. நான் போன ஒரு நூலகத்தில் இப்படித்தான் ‘இல்லை’ என்று திரை சொன்ன நூலை, பத்தடி தள்ளியிருந்த அடுக்கில் கையால் தேடி எடுத்தேன். தமிழும் தட்டச்சும் தெரிந்த இரண்டு மாணவர்கள் சில வாரங்கள் உட்கார்ந்தால், ஒரு நூலகத்தின் தமிழ் நூல்களுக்குத் தமிழ் எழுத்திலேயே ஒரு பட்டியல் தயாரித்துவிடலாம். நூலக அதிகாரியின் அனுமதியோடு செய்யக்கூடிய, பணம் தேவைப்படாத வேலை இது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, நம் இனத்தின் அனுபவமே பதில் சொல்லும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கம் எது? 1933-இல் கே.எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டில் நூல்களை இரவல் கொடுக்க ஆரம்பித்ததுதான். ஊர்ப் பெரியவர்கள் கைகொடுக்க, 1934-இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு அது பொது நூலகமானது. பின்னர் நகரசபை பொறுப்பேற்று நடத்தியது. 1981 ஜூன் 1-க்கு முந்தின இரவில் எரிக்கப்பட்டபோது, அழிந்த நூல்களும் சுவடிகளும் ஏறத்தாழ 97,000. அந்தத் துயரத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். அந்த நூலகத்தை உருவாக்கியவர்கள் கையில் முதலில் இருந்தது 844 நூல்கள் மட்டுமே என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பிறகு 2005-இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். பழைய நூல்களையும் இதழ்களையும் ஒவ்வொரு பக்கமாக வருடியெடுத்து எல்லாருக்கும் இலவசமாக வைத்தார்கள். அதற்கும் முன்பே, 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து தந்தார்கள். பக்கத்து நாடான சிங்கப்பூரில் தன்னார்வலர் குழு ஒன்று தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களைத் திரட்டி மின்னிலக்கமாக்கி, 2015-இல் நாட்டுக்கு வழங்கியது. நம் நாட்டிலும் 2011-இல் ஷா ஆலாம் இளைஞர்கள் சிலர் பூங்காவில் பாய் விரித்து, சொந்தப் புத்தகங்களை அடுக்கி, ‘புக்கு ஜாலானான்’ என்று பெயர் வைத்தார்கள். கட்டடமே இல்லாத அந்த நூலகம் பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. நமக்கோ கட்டடமே தயாராக இருக்கிறது.

ஆனால் தன்னார்வம் என்ற சொல்லை வைத்து இரண்டு தவறுகள் நடக்கலாம்.

முதலாவது, சம்பளம் வாங்கும் நூலகருக்குப் பதிலாகத் தன்னார்வலரை வைப்பது. பிரிட்டனில் 2010-க்குப் பிறகு அரசு செலவைக் குறைத்தபோது, நூற்றுக்கணக்கான சிறு நூலகங்கள் உள்ளூர்த் தன்னார்வலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சில நன்றாக நடந்தன. சில திறப்பு நேரம் குறைந்து தேய்ந்தன. நூலகவியல் ஒரு படிப்பு. நூலைத் தேர்ந்தெடுப்பதும் வகைப்படுத்துவதும் தகவல் தேடித் தருவதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. நாம் போவது அவருக்குத் துணையாக நிற்க. அவருடைய நாற்காலியைக் காலி செய்ய அல்ல. தமிழ் தெரிந்த நூலகர் வேண்டும் என்ற கோரிக்கையை, நாம் உள்ளே வேலை செய்துகொண்டே வைக்கலாம். அப்போதுதான் அதற்கு எடையும் கூடும்.

இரண்டாவது தவறு நம்முடையது. பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு உண்டு. அதற்காகச் சான்றிதழ் தேடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாள் போய், பதாகை பிடித்து, படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் நூலகத்துக்கு என்ன மிஞ்சும்? கதை கேட்க வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு, போன வாரம் வந்த அக்கா இந்த வாரமும் வர வேண்டும். இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் வாரம் அது வராது. அதன் அம்மாவும் அனுப்ப மாட்டார்.

அதனால் ஒரு சின்ன ஒழுங்கை முன்வைக்கிறேன். நான்கு பேர் சேர்ந்து ஒரு குழுவாகுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், இரண்டு மணி நேரம். நால்வரில் எப்போதும் இருவராவது இருப்பது என்று முறை வையுங்கள். தேர்வுக் காலத்திலும் வேலை நிற்காது. முதல் மணி நேரம் சிறு பிள்ளைகளுக்குத் தமிழில் கதை வாசிப்பு. இரண்டாவது மணி நேரம் படிவம் 1, 2 மாணவர்களுக்குப் பாட உதவி. முடிந்ததும் ஆளுக்கு ஒரு தமிழ் நூல் இரவல். பிள்ளைகளோடு பழகும் வேலை என்பதால், நூலக ஊழியரின் பார்வையில், கதவு திறந்த அறையில் மட்டுமே நடத்த வேண்டும்; பெற்றோருக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் நீலாம் திட்டத்துக்காக வாசித்த நூல்களைப் பதிவு செய்து பழகியவர்கள் நாம். இங்கே அந்தப் பதிவும் வேண்டாம், சுருக்கமும் வேண்டாம். பிடித்திருந்தால் அடுத்த நூல், பிடிக்காவிட்டால் வேறு நூல். படிப்புக்காக வெளியூர் போகிறவர், தம் இடத்துக்குப் படிவம் 4 மாணவர் ஒருவரைப் பழக்கிவிட்டுப் போக வேண்டும்.

இதைக் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ நடத்தினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அங்கும் நடக்கட்டும். ஆனால் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. கோயிலுக்கு எல்லாப் பிள்ளைகளும் வருவதில்லை. பொது நூலகம் எல்லாருடைய வரிப்பணத்திலும் நடப்பது. அங்கே மலாய், சீன நூல்களுக்கு அருகில் தமிழ் நூலும் கைபட்டுக் கசங்கியிருப்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, தன் மொழியும் இந்த ஊரின் மொழி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாணவர்களே, பினாங்கில் இருந்தாலும் வேறு மாநிலத்தில் இருந்தாலும் உங்கள் வட்டாரத்திலும் ஒரு நூலகம் இருக்கும். அடுத்த விடுமுறைக்குள் அங்கே போய் உறுப்பினராகுங்கள். தமிழ் அடுக்கு எங்கே என்று கேட்டு, ஒரு நூலை இரவல் எடுங்கள். பிறகு முகப்பில் இருப்பவரிடம், “தமிழில் கதை நேரம் நடத்த வாரம் இரண்டு மணி நேரம் எங்களுக்கு இடம் தருவீர்களா?” என்று கேளுங்கள்.