மலிவான கொழுக்கட்டையின் விலை

கொல்கத்தாவுக்கு வரும் தமிழ் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், நான் சொல்லும் இடம் அவர்களுக்கு முதலில் நம்பிக்கை அளிப்பதில்லை. லால்பஜார் காவல்துறைத் தலைமையகத்துக்கு அருகே, போத்தார் கோர்ட் என்னும் அலுவலகக் கட்டடத்தின் பின்புறம், காய்கறிச் சந்தையை ஒட்டிய நடைபாதை. மேசை கிடையாது, நாற்காலி கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஒரு பக்கம் முட்டைக்கோசு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும். மறுபக்கம், நம் வீட்டு இட்லிப் பானையை நினைவூட்டும் அலுமினிய அடுக்குகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்கும். விடியும்போது தொடங்கும் வியாபாரம் எட்டரை மணிக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். இதுதான் டிரெட்டா பஜார். உள்ளூர் வழக்கில் டெரிட்டி பஜார்.

அங்கே விற்பவற்றுள் முதன்மையானது கொழுக்கட்டை என்றே சொல்வேன். மெல்லிய மாவுறைக்குள் கோழியோ பன்றியோ இறாலோ வைத்து ஆவியில் வேகவைத்த சியூ மாய்; புளித்த மாவில் செய்த பருத்த பாவோ; இவற்றோடு மீன் உருண்டை மிதக்கும் சூடான சூப். குறைந்த செலவிலேயே ஒருவர் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம். அரிசி மாவில் பூரணம் வைத்து வளர்ந்த நமக்கு அந்த ஆவியின் மணம் முற்றிலும் அந்நியமானதன்று.

சாப்பிட்டு முடித்த பின் அநேகமாக எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “இது எப்படி இங்கே வந்தது?” நல்ல கேள்விதான். ஆனால் அதற்குச் சமூக ஊடகங்களிலும் பயணக் கட்டுரைகளிலும் கிடைக்கும் விடை எனக்கு உடன்பாடானதன்று. “கொல்கத்தாவின் மறைந்துவரும் சீனத் தெரு; முற்றிலும் மறைவதற்குள் சென்று சுவைத்துவிடுங்கள்” என்பதே அந்த விடை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதில் உள்ள ‘மறைந்துவரும்’ என்னும் சொல்.

தொடக்கத்திலிருந்து வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் தலைமை ஆளுநராக இருந்த காலத்தில், ஆச்சியூ என்று ஆவணங்களில் குறிக்கப்படும் சீன வணிகர் ஒருவருக்கு ஹூக்ளி ஆற்றங்கரையில் பட்ஜ்பட்ஜுக்கு அருகே நிலம் வழங்கப்பட்டது. அவர் அங்கே கரும்பு பயிரிட்டு ஆலை அமைத்தார். சீனத் தொழிலாளர்களையும் வரவழைத்தார். அந்த ஊர் இன்றும் அவர் பெயரால் ஆச்சிப்பூர் என்றே வழங்குகிறது. சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் அங்குள்ள அவர் கல்லறைக்கும் கோயிலுக்கும் சென்று வழிபட்டுத் திரும்புவர். வங்காளிகள் சர்க்கரையை ‘சினி’ என்கிறார்கள். நம் தென்மாவட்டத்தார் ‘சீனி’ என்கிறார்கள். ஆச்சியூவுக்கு வெகுகாலம் முன்பே சீன நாட்டின் பெயர் நம் அடுக்களைக்குள் வந்துவிட்டது என்பதற்கு அந்தச் சொல்லே சான்று. டிரெட்டா என்ற பெயரோ வெனிஸிலிருந்து வந்து இந்நகரின் தெருக்களையும் கட்டடங்களையும் மேற்பார்வையிட்ட எட்வர்ட் டிரெட்டா என்பவருடையது. ஆக, வெனிஸ்காரர் பெயரிலான வங்காளச் சந்தையில் சீனர் குடியேறினர். கொல்கத்தா போன்ற ஒரு துறைமுக நகரத்தில் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வந்தவர்கள் ஒரே வகையினரும் அல்லர். கான்டன் பகுதியினர் தச்சுத் தொழிலில் பெயர்பெற்றனர். ஹூபேய் மாகாணத்தார் பல் மருத்துவம் செய்தனர். அவர்களுள் சில குடும்பங்கள் சென்னை வரை வந்து தொழில் நடத்தின. ஹக்கா மக்கள் தோல் பதனிட்டனர், காலணி தைத்தனர். நம் ஊர்த் தள்ளுவண்டிப் பலகைகளில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று எழுதியிருக்கிறதே, அந்த ஹக்கா ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் என்பது எழுதியவருக்கும் தெரியாது, தின்பவருக்கும் தெரியாது. டிரெட்டா பஜாரைச் சுற்றியுள்ள சந்துகளில் அவர்கள் எழுப்பிய சீ இப், தூங் ஆன், நாம் சூன் முதலிய கோயில்கள் இன்றும் உள்ளன. உள்ளே இருப்பவை சீனத் தெய்வங்கள். ஊர் வழங்கும் பெயரோ ‘சர்ச்’. தூங் ஆன் கோயிலின் கீழ்த்தளத்தில் 1920களில் தொடங்கிய நான்கிங் உணவகம் ஒரு காலத்தில் நகரின் செல்வர்கள் கூடும் இடமாக விளங்கியது. இச்சமூகத்துக்கு இந்நகரில் நடைபாதை மட்டுமே உரியதாக இருந்ததில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பிறகு 1962 வந்தது. அக்டோபரில் எல்லைப் போர் மூண்டது. நவம்பரில் கைதுகள் தொடங்கின. தாய் தந்தையரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ சீனக் குடியினராக இருந்திருந்தாலே ஒருவரை ஐயத்துக்குரியவராக்கும் வகையில் சட்டங்களும் ஆணைகளும் பிறப்பிக்கப்பட்டன. அன்றைய அசாமிலிருந்தும் டார்ஜிலிங் பகுதியிலிருந்தும் பெரும்பாலோரும், பிற ஊர்களிலிருந்து சிலருமாக ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குத் தொடர்வண்டியில் கொண்டுசெல்லப்பட்டனர். கைக்குழந்தைகளும் முதியோரும் அதில் அடக்கம். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. சிலர் 1967 வரை அங்கேயே இருந்தனர். திரும்பியவர்களுள் பலர் தம் வீடும் கடையும் ஏலம் போயிருக்கக் கண்டனர். அசாமின் மாக்கும் ஊர்ச் சீனருக்கு நேர்ந்ததை ரீட்டா சௌதுரி ‘மாகாம்’ என்னும் அசாமிய நாவலாக 2010இல் எழுதினார். முகாமில் இருந்தோரின் நினைவுகளை ஜாய் மா, திலீப் டிசோசா ஆகிய இருவரும் 2020இல் ஆங்கிலத்தில் நூலாக்கினர். ஜாய் மா அம்முகாமிலேயே பிறந்தவர்.

இது எங்கோ வடக்கே நடந்த கதை என்று தமிழர் ஒதுக்கிவிட இயலாது. 1963இல் சீன அரசு அனுப்பிய கப்பல்கள் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில். தேவ்லியிலிருந்து தொடர்வண்டியில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கப்பலேறினர். இந்தியாவில் பிறந்து, சீனாவை ஒருமுறையேனும் பார்த்திராதவர்கள் அவர்களுள் இருந்தனர். அவர்கள் இந்த நாட்டில் கடைசியாகக் கண்ட கரை நம் கரை. நான் படித்த பள்ளிப் பாடநூல் எதிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கொல்கத்தாவில் எஞ்சியவர்களும் இயல்பாக வாழ்ந்துவிடவில்லை. காவல்துறையிடம் பதிவுசெய்து, குறித்த இடைவெளியில் நேரில் தோன்ற வேண்டும். ஊரைவிட்டு வெளியே செல்ல அனுமதி பெற வேண்டும். பலர் வேலை இழந்தனர். வாய்ப்புக் கிடைத்தவர்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டனர். அடுத்த தலைமுறையில் இன்னோர் அடி விழுந்தது: 1996இல் உச்ச நீதிமன்றம் தாங்ராவின் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்ற ஆணையிட்டது. சூழலைக் காக்க அந்த ஆணை தேவையாக இருந்திருக்கலாம். ஆயினும் முன்பே தளர்ந்திருந்த சமூகத்தின் முதுகெலும்பான தொழில் அது. ஒரு காலத்தில் 20,000 என்று மதிப்பிடப்பட்ட கொல்கத்தாச் சீனர் இன்று சுமார் 2,000 பேர்தாம் என்கிறார்கள்.

நடைபாதைக் கடையே 1962இன் விளைவு என்று நான் வாதிடவில்லை. சந்தை இருக்கும் இடத்தில் காலையுணவு விற்பது எந்த ஊரிலும் உள்ள வழக்கம். ஆனால் உணவகங்களும் பட்டறைகளும் பள்ளிகளும் மன்றங்களுமாக இருந்த ஒரு குடியிருப்பு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் ஆவி பறக்கும் சில அடுக்குகளாகச் சுருங்கியது தானாக நேர்ந்ததன்று. நம் இலக்கணம் தன்வினை, பிறவினை என்று வினைகளைப் பிரிக்கிறது. ‘சீனர் மறைந்தனர், குறைந்தனர், கலைந்தனர்’ என்று எழுதும்போது எல்லாம் தன்வினையாகிவிடுகிறது. பருவம் மாறியதால் இலை உதிர்ந்தது போல. ‘குறைத்தோம், கலைத்தோம்’ என்று பிறவினையில் எழுதினால்தான் வாக்கியத்துக்குள் எழுவாய் வந்து நிற்கும். நமக்குச் சங்கடம் தருவது அந்த எழுவாய்தான். ஆகவேதான் வரலாற்றை விட்டுவிட்டு ஏக்கத்தைப் பிடித்துக்கொள்கிறோம். ஏக்கம் இனிமையானது, அது யாரையும் பொறுப்பாக்குவதில்லை.

இதே ஏக்கத்தின் மறுபக்கம் இன்னொரு முறையீடு: “இப்போது விற்பவர்களில் பலர் சீனரே இல்லை, பழைய சுவை போய்விட்டது.” விற்பவர்களில் பலர் சீனரல்லர் என்பது உண்மை. அதில் எனக்குக் குறை தோன்றவில்லை. அடுத்த வீட்டார் கைக்குப் போன சமையல் வாழும் சமையல். அருகிருந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஒருவர் பிடிக்கும் கொழுக்கட்டை போலியானது என்றால், நம் தெருமுனைக் கோபி மஞ்சூரியனை என்னவென்பது? அசல் சீனர் கையால்தான் வேண்டும் என்று கேட்பவர்கள், அந்தக் கைகள் ஏன் டொராண்டோவில் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

போர்க்காலத்தில் எந்த அரசும் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று சிலர் சொல்வர். நடந்துகொண்டிருக்கின்றன, பின்னர் வருந்தியும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வழியினரை முகாம்களில் அடைத்த அமெரிக்காவும் கனடாவும் 1988இல் முறைப்படி மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் வழங்கின. தேவ்லியில் இருந்தவர்கள் கனடாவில் சங்கம் அமைத்துக் கேட்பதும் பெரும்பாலும் அந்த ஒப்புதலைத்தான். இன்று வரை நம் அரசு அதை அளிக்கவில்லை. பழங்கதையைக் கிளறுவானேன் என்பாரும் உளர். 2020 ஜூனில் லடாக் மோதலை அடுத்து, சீன உணவு விற்கும் உணவகங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று ஒன்றிய அமைச்சர் ஒருவரே பேசினார். இன்னோர் எல்லைப் பூசல் வந்தால் மீண்டும் யார் வீட்டுக் கதவு தட்டப்படும் என்ற அச்சம் இருக்கும்வரை அது பழங்கதையன்று.

ஆராய்ச்சி மாணவனுக்குரிய அவசரத்தோடு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, மூத்த விற்பனையாளர் ஒருவரிடம் ஒருமுறை அந்த ஆண்டைப் பற்றிக் கேட்டேன். “மாசி, அப்போது நீங்கள் இங்கேதான் இருந்தீர்களா?” அவர் என்னைப் பார்த்தார்; எனக்குப் பின்னால் நின்றவரிடம், “உங்களுக்கு எத்தனை?” என்று கேட்டார். அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது தவறு என்று பிறகு உணர்ந்தேன். நினைவுகூர வேண்டிய கடமை அவருடையதன்று, நம்முடையது.

ஆகவே நான் வேண்டுவது இவ்வளவே. அரசு ஒப்புக்கொள்ளட்டும், அக்காலக் கோப்புகளைத் திறக்கட்டும், பாடநூலில் ஒரு பத்தியாவது எழுதட்டும். சென்னைத் துறைமுகத்தில் ஒரு கல்வெட்டு வைக்க அதிகம் செலவாகாது. கொல்கத்தா மாநகராட்சி, ‘பாரம்பரிய உணவுத் தெரு’ என்று அலங்கார வளைவு கட்டி விலையை மும்மடங்காக்குவதற்கு முன், 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் தரும் பாதுகாப்பை அந்த நடைபாதைக்கு உறுதிசெய்யட்டும். கோயில் சந்துகளில் குவியும் குப்பையை அள்ளட்டும்.

நீங்கள் கொல்கத்தாவுக்கு வந்தால் அவசியம் செல்லுங்கள். ஏழு மணிக்குள் சென்றுவிடுங்கள், சில்லறை கொண்டுசெல்லுங்கள், பேரம் பேசாதீர்கள். உடன் வரும் பிள்ளை, “இது ஏன் இங்கே இருக்கிறது?” என்று கேட்டால், ஆச்சியூவில் தொடங்கிச் சென்னைத் துறைமுகம் வரை முழுக் கதையையும் சொல்லுங்கள்.