புதுக்கடையில் யாரைத் தெரியும்?

பெங்களூரிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சட்ட நிறுவனங்களே வளாகத்துக்கு வந்து மாணவரை நேர்முகத் தேர்வு செய்கின்றன. எமது நாட்டில் நிலைமை வேறு. சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யுமுன் ஆறு மாதங்கள் சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி பெற்றேயாக வேண்டும். அந்த இடத்தைப் பெரும்பாலும் அறிமுகமே தீர்மானிக்கிறது. மாத்தளை மாவட்டத்தின் இரத்தோட்டைத் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கோ உக்குவளைச் சிறு வியாபாரியின் மகனுக்கோ புதுக்கடையில் யாரைத் தெரியும்?

சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் 2023 இல் நிராகரித்தது. அது நியாயமே. ஆயினும் கொழும்பின் பெரிய நிறுவனங்களில் வேலைமொழி ஆங்கிலம்தான் என்பதை எம்மவர் மறந்துவிடலாகாது.

பயிற்சி வெற்றிடங்களைப் பகிரங்கமாக அறிவித்து விண்ணப்பம் கோரும் முறையைச் சட்டக் கல்லூரியும் சட்டத்தரணிகள் சங்கமும் ஏற்படுத்த வேண்டும். அதுவரை, மாத்தளைச் சிரேஷ்ட சட்டத்தரணிகள் தமது மாவட்டப் பிள்ளைகளுக்கென ஓரிரு இடங்களையாவது ஒதுக்கலாமே.