பழைய வேட்டி இருக்கையில புது மஞ்சப்பை எதுக்குங்க?

மஞ்சப்பையோட பஸ் ஸ்டாண்டுல இறங்குறவனைப் பார்த்துச் சிரிச்சது டவுன்காரங்கதான். சினிமாவுல பட்டிக்காட்டானைக் காட்டணும்னா கையில ஒரு மஞ்சப்பையைக் குடுத்துட்டாப் போதும், வசனமே வேண்டாம். இப்ப அதே பை உங்க தோள்ல தொங்குது. சந்தோசம்தான். ஆனா அது உங்க தோளுக்கு வந்து சேர்ந்த விதத்துல எனக்கு ஒரு சண்டை இருக்கு. கோவிச்சுக்காமப் படிங்க.

2019 ஜனவரி 1-ல இருந்து ஒரு தடவை உபயோகிச்சுட்டுத் தூக்கிப் போடுற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல தடை. 2021 டிசம்பர்ல முதலமைச்சர் ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கி வச்சார். 2022-ல கோயம்பேடு மார்க்கெட்டுல பத்து ரூபா போட்டா பை வந்து விழுற மிஷினே வச்சாங்க. இதுல எதையும் நான் எதிர்க்கல. உழும்போது கொழுவுல சுத்திக்கிட்டு வர்றது அந்தப் பிளாஸ்டிக் கவர்தான், மேய்ச்சல் மாட்டோட வயித்துக்குள்ள போய் அடைச்சுக்கறதும் அதுதான். அது ஒழிஞ்சா முதல்ல கும்பிடு போடறவன் நான்தான். நான் கேக்கறது வேற. 'மீண்டும்'னா பழைய பழக்கம் திரும்பி வரணும்னுதானே அர்த்தம்? ஆனா வந்திருக்கறது என்னவோ காசு குடுத்து வாங்குற புதுச் சரக்கு.

எங்கப்பா காலத்துல மஞ்சப்பையை யாரும் கடையில போய்க் காசு குடுத்து வாங்குனதில்லை. கல்யாணத்துல தாம்பூலத்தோட குடுப்பாங்க, இல்லைன்னா நகைக்கடை ஜவுளிக்கடையில குடுப்பாங்க. வந்த பை வீட்டை விட்டுப் போகாது. சந்தைக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணு. இருக்கறதுலயே நல்ல பையில நிலப் பத்திரத்தையும் ஜாதகத்தையும் சுருட்டிப் பெட்டிக்குள்ள வைப்பாங்க. காது அறுந்தா வேற காது தைப்பாங்க. அடி கிழிஞ்சா அது கரித்துணி.

இப்ப உங்க வீட்டுக் கதவுக்குப் பின்னாடி எத்தனை துணிப்பை தொங்குதுன்னு எண்ணிப் பாருங்க. கல்யாணத்துக்குப் போனா ஒண்ணு, புத்தகக் கண்காட்சிக்குப் போனா ஒண்ணு, மறந்து வெறுங்கையோட கடைக்குப் போனா இன்னொண்ணு. இருபது தேறும். அதுல அழுக்கான பை எத்தனை? ரெண்டு இருக்கும். மீதி எல்லாம் மடிப்புக் கலையாம இருக்கும்.

டென்மார்க் அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் துறை 2018-ல ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டாங்க. ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் பையால வர்ற கெடுதலுக்குச் சமமாகணும்னா, ஒரு புதுப் பருத்திப் பையைக் காலநிலைக் கணக்குல மட்டும் பார்த்தாக்கூட 52 தடவை உபயோகிக்கணும். தண்ணி, ஓசோன்னு எல்லாக் கெடுதலையும் சேர்த்தா 7,100 தடவை. தினமும் கடைக்குப் போனாலும் பத்தொன்பது வருசத்துக்கு மேல ஆகும். அந்தப் பெரிய கணக்குல சண்டை உண்டு. மாட்டு வயித்துலயும் கடல்லயும் போய்ச் சேர்ற பிளாஸ்டிக்கை அதுல சேர்க்கல. அதனால 7,100-ஐ விட்டுடலாம். 52-ஐயாவது எடுத்துக்கங்க. கண்காட்சியில வாங்குன பை உங்ககிட்ட 52 தடவை வெளிய போயிருக்கா?

இந்தக் கணக்கை எங்க காட்டுல நின்னும் போடலாம். நல்ல கெட்டிப் பை ஒண்ணு 100 கிராம்னு வைங்க. செடியில இருந்து எடுக்கற பருத்தியில மூணுல ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. அப்போ ஒரு பைக்கு 300 கிராம் பருத்தி. ஒரு காய் வெடிச்சா நாலு அஞ்சு கிராம் வரும். அறுபது எழுபது காய் ஆச்சு. மானாவாரியில செடிக்கு இருபது இருபத்தஞ்சு காய் நின்னாலே நல்ல வெள்ளாமை. ஆக, உங்க ஒரு பைக்கு மூணு செடி, அஞ்சு மாசம், உரம், மருந்து, களை வெட்டு. அதுக்கப்புறம் வெயில்ல முதுகு வளைச்சு ஒவ்வொரு காயா எடுத்த பொம்பளைங்களோட கூலி. அந்தப் பருத்தியை மூட்டை கட்டி மல்லசமுத்திரம், கொங்கணாபுரம் ஏலத்துக்குக் கொண்டு போறவனுக்குப் பருத்தி விக்கறது சந்தோசம்தான், இல்லைங்கல. கட்டிக்கற துணிக்குன்னா சரி. கதவுக்குப் பின்னாடி தொங்குறதுக்காங்க?

பருத்தி முடிஞ்சா சாயம். திருமணிமுத்தாறுன்னு எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீங்களோ தெரியல. சேர்வராயன் மலையில பொறந்து, சேலம் டவுன் நடுவால ஓடி, நாமக்கல் மாவட்டம் வழியா வந்து காவிரியில கலக்குது. பேருல மணியும் முத்தும் இருக்கு. தண்ணியில சாயக்கழிவும் சாக்கடையும் ஜவ்வரிசி ஆலைக் கழிவும் இருக்கு. மழைக்காலத்துல வெள்ளம் வந்தா பாலத்துக்கடியில நுரை ஆள் உயரத்துக்கு எழும்பி நிக்கும். பேப்பர்காரங்க படம் எடுத்துப் போடுவாங்க, நுரை அடங்குனதும் எல்லாரும் மறந்துடுவாங்க. ஆத்தங்கரையில கிணறு வச்சிருக்கறவன் மறக்க முடியாது. உங்க பையோட மஞ்சள் இந்த ஆத்துலதான் கரைஞ்சதுன்னு சொல்லல. புதுசா ஒரு லட்சம் பை வேணும்னா ஒரு லட்சம் பைக்குச் சாயம் போட்டாகணும், அந்தத் தண்ணி எங்கயாவது போயாகணும். அம்புட்டுதான்.

இன்னொரு கூத்தும் நடக்குது. துணி மாதிரியே இருக்கும், தொட்டா மொத்தமா மெத்துன்னு இருக்கும், தறியில நெய்ஞ்ச இழையே இருக்காது. அது பிளாஸ்டிக்குங்க. அதுவும் தடையில இருக்கற பைதான். சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு துளி கிள்ளிக் கொளுத்திப் பாருங்க. துணின்னா சாம்பலாகும். அது உருகி உருண்டையாகும்.

சரி, எங்க பக்கம் பை எப்படித் தைக்கறோம்னு சொல்றேன். பழைய வேட்டி ஒண்ணு எடுங்க. வேட்டி எப்பவும் நடுவுலதான் நைஞ்சு போகும், உட்கார்ற இடம். ரெண்டு கரையும் கல்லு மாதிரி இருக்கும். முதல்ல கரையைத் தனியாக் கிழிச்சு வச்சுக்கங்க, அதுதான் காது. மீதித் துணியை ரெண்டு மடிப்பாப் போட்டு, ஒண்ணரை முழ அகலம், ரெண்டு முழ நீளத்துக்கு வெட்டணும். நீளத்தை ரெண்டா மடிச்சா அடியில மடிப்புதான் வரும், தையல் வராது. கனத்துல பை பிரியறது எப்பவும் அடித்தையல்லதான், அதனால இந்தப் பை பிரியாது. பக்கத்தை முதல்ல வெளிப்பக்கமா ஒரு தையல், அப்புறம் திருப்பி உள்பக்கமா ஒரு தையல். பிசிறு உள்ள மாட்டிக்கும். அடி மூலை ரெண்டையும் முக்கோணமா இழுத்து நாலு விரல்கடைக்குக் குறுக்கே தைச்சா பைக்கு உட்காருற அடி வந்துடும், தக்காளி நசுங்காது.

காதுதான் முக்கியம். கடையில வாங்குற பையில வாய் ஓரத்துல ஒட்டுன மாதிரி ஒரு தையல் போட்டு விட்டுடறான். அஞ்சு கிலோ அரிசி தாங்காது. காதை வாய்க்குக் கீழ மூணு விரல்கடை இறக்கி வச்சு, சதுரமா நாலு ஓரமும் தைச்சு, நடுவுல பெருக்கல் குறி மாதிரி ஓட்டணும். கையில தைக்கறதா இருந்தா நூலை ரெட்டையாக் கோர்த்துக்கங்க. ஊசியை முன்னாடி மட்டும் ஓட்டுனா ஒரு இடத்துல அறுந்ததும் முழுசும் உருவிக்கும். ஒரு அடி முன்னாடி, அரை அடி பின்னாடின்னு திரும்பித் திரும்பிக் குத்தணும்.

வேட்டி இல்லையா, பழைய பேண்ட்டு இருக்கும். முழங்காலுக்குக் கீழ வெட்டுனா பாதிப் பை தயார். கீழ் மடிப்பு வாயாயிடும், வெட்டுன பக்கத்தை மட்டும் தைச்சா போதும். ஒரு பேண்ட்டுக்கு ரெண்டு பை.

தைக்கத் தெரியாது, அதெல்லாம் பொம்பளைங்க வேலைன்னு சொல்ற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கோணி ஊசியும் சணலும் வச்சு நெல்லு மூட்டைக்கு வாய் தைக்காத ஆம்பளை எங்க ஊர்ல கிடையாது. ஊர்ல தையக்கடை வச்சிருந்ததும் ஆம்பளைங்கதான். கட்டை விரல்ல ரெண்டு தடவை குத்தும், மூணாவது பை நேரா வரும்.

இன்னொரு கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. மகளிர் குழுக்காரங்க மஞ்சப்பை தைச்சுத்தானே நாலு காசு பார்க்கறாங்க, அதைக் கெடுக்கறியான்னு. அந்தப் பத்து ரூபாயைப் பிரிச்சுப் பாருங்க. துணிக்கு, சாயத்துக்கு, அச்சுக்கு, வண்டி வாடகைக்கு, நடுவுல நிக்கறவருக்கு எல்லாம் போக தைச்ச கைக்கு என்ன மிஞ்சும்? சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல அரசாங்கம் ஏழைப் பெண்களுக்கு இலவசமாத் தையல் மிஷின் குடுக்குது. எங்க ஊர்லயும் ரெண்டு மூணு வீட்டுல இருக்கு. மிஷின் இருக்கு, தைக்கத் தெரியும், துணி கொண்டு வர்ற ஆள்தான் இல்ல. எல்லாரும் ரெடிமேட் வாங்கிக்கறாங்க. உங்க தெருவுலயும் 'ஆல்டரேஷன்'னு போர்டு போட்டு ஒரு அக்கா உட்கார்ந்திருக்கும். உங்க பழைய வேட்டியையும் பேண்ட்டையும் கொண்டு போய்க் குடுங்க. துணிக்குக் காசில்லை, சாயத்துக்குக் காசில்லை. பைக்கு முப்பதோ நாப்பதோ குடுத்தீங்கன்னா முழுசும் தைச்ச கூலி. பேரம் பேசாதீங்க. ஹேண்ட்மேட்னு சீட்டு ஒட்டுன பைக்குச் சில நூறு குடுக்கும்போது நீங்க பேரம் பேசறதில்லையே.

தைக்கும்போது ஒண்ணோட நிறுத்தாதீங்க. காய்க்கு ரெண்டு, மளிகைக்கு ஒண்ணு. கறி மீனுக்குத் தனியா ஒண்ணு வேணும், அதை மட்டும் கருப்புப் பேண்ட்டுல தைங்க. கறை தெரியாது, அலசிக் கொடியில போட்டா அடுத்த ஞாயித்துக்கிழமைக்குக் காஞ்சிருக்கும்.