யாகோர்: வருமுன் வரும் பயம்

ராத்திரி இரண்டு மணிக்கு போன் அடிக்கிறது. இன்னும் எடுக்கவே இல்லை. அதற்குள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இந்த மாதிரி பயத்துக்கு பைபிளின் எபிரேய மொழியில் ஓர் அபூர்வமான சொல் உண்டு: 'யாகோர்'.

எபிரேயத்தில் பயத்துக்குப் பல சொற்கள். அதிகம் வருவது 'யாரே'. 300 இடங்களுக்கு மேல் வரும் இதில், கடவுள்மீது வைக்கும் பயபக்தியும் அடங்கும். 'யாகோர்' வருவதோ ஏழே ஏழு இடங்களில். நோய், அவமானம், எதிரி என வந்துவிடுமோ என்று நினைத்து நடுங்குவதுதான் இதன் பொருள்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு, எதை நினைத்து நடுங்கினாரோ அதுவே வந்துவிட்டது எனப் புலம்பும்போது இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்.

எரேமியா புத்தகத்தில் இதே சொல்லுக்கு வேறு கதை. சேற்றுக் கிணற்றில் இறக்கிவிடப்பட்ட தீர்க்கதரிசி எரேமியாவை, கந்தல் துணியும் கயிறும் கொண்டுபோய் மேலே தூக்கியவர் எபெத்மெலேக். எத்தியோப்பியர், அரண்மனை ஊழியர். எருசலேம் எதிரிகளிடம் விழப்போகிறது. அவர் யாரை நினைத்து நடுங்குகிறாரோ, அவர்கள் கையில் சிக்கமாட்டார் என்று கடவுளிடமிருந்து வாக்கு வருகிறது.

பயம் ஒன்றுதான். யோபுவுக்கு அது பலித்தது, எபெத்மெலேக்குக்குப் பலிக்கவில்லை. ஆக, 'யாகோர்' என்பது வந்துவிடுமோ என்ற நடுக்கம் மட்டுமே. வந்தே தீரும் என்ற தீர்ப்பு அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள்... நடுங்கிய அந்த மனிதர்தான் கிணற்றடிக்குக் கயிறு கொண்டுபோனவர்!