பதினொன்றாம் விதி

ஊத்துக்கோட்டையில் என் பக்கத்துத் தெருப் பெண் அவள். என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் விடுதியில் தங்கி முதுகலை இசை படிக்கிறாள், கஞ்சிரா வாசிக்கிறாள். சென்ற பருவத்தில் அவள் கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படம் ஒன்றுதான் இதை எழுத வைத்தது. பொது இசைக்கூடத்தின் கதவில் ஒட்டியிருந்த விதிகள்.

முதல் பத்து விதிகளோடு எனக்குச் சண்டை இல்லை. பதிவேட்டில் நேரம் எழுது, கேபிளைச் சுருட்டி வை, அடுத்தவர் நேரத்தைத் தின்னாதே. பொதுப் பொருளுக்கு இவை வேண்டும். தண்ணீர் கூடாது என்பதும் நியாயமே. ஆனால் கஞ்சிராவின் தோலை உள்பக்கம் நனைத்தால்தான் சுருதி இறங்கும். அதைச் சொன்னதும் அவளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் அனுமதித்துவிட்டார்கள். வாத்தியத்துக்காக விதி வளைந்தது.

பதினொன்றாம் விதி: மாணவியர் மாலை 6 மணிக்குள் கூடத்தைவிட்டு வெளியேற வேண்டும். பன்னிரண்டு: மாணவனும் மாணவியும் சேர்ந்து பயன்படுத்தினால் கதவு திறந்திருக்க வேண்டும்.

வகுப்பு முடிவது 4 மணிக்கு. கூடம் மூடுவது 9 மணிக்கு. கட்டணம் ஒன்று, தேர்வு ஒன்று. அவனுக்கு ஐந்து மணி நேரம், அவளுக்கு இரண்டு. அந்த இரண்டுக்கும் மாணவியர் அத்தனை பேரும் வரிசையில் நிற்க வேண்டும். கதவு விஷயம் இன்னும் வேடிக்கை. ஒலி புகாதபடி செலவு செய்து கட்டிய அறையைத் திறந்து வைத்து, அங்கே வயலின்காரப் பையனோடு அவள் பதிவு செய்ய வேண்டுமாம்! நடைவழியில் யார் செருப்பு தேய்த்து நடந்தாலும் அது கச்சேரியில் சேரும்.

பாதுகாப்பு என்றார்கள். விடுதி அதே வளாகத்தில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இருட்டு பயமென்றால் விளக்குப் போடுங்கள். காவலுக்குப் பெண் ஊழியர் ஒருவரை வையுங்கள். இரண்டுக்கும் பணம் வேண்டும். பெண்ணை உள்ளே போ என்பதற்குப் பைசா வேண்டாம்.

எங்கள் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கிறது. இரவு 7 மணிமுதல் காலை 6 மணிவரை பெண்கள் ஆலையில் வேலை செய்யக் கூடாது என்றது தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பாதுகாப்பும் போக்குவரத்தும் தருவது முதலாளியின் பொறுப்பு என்றது. ஆக, இயந்திரத்தின் முன் நிற்க எங்கள் பெண்களுக்கு இரவு திறந்திருக்கிறது. கஞ்சிராவோடு உட்காரத்தான் மூடியிருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்களின் நடமாட்டத்தைக் குறுக்கக் கூடாது என்கின்றன. அந்த அலுவலக அலமாரியிலும் அதன் பிரதி இருக்கும். தூசு தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தாள வாத்தியத்தில் பெண்கள் ஏன் குறைவு என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால், பெண் என்பதாலேயே உடன் வாசிக்க மறுத்த ஆண் வித்வான்களைக் கண்டவர். அந்த மறுப்புக்கு ஒரு முகமாவது இருந்தது. இங்கே மறுப்பது ஒட்டிய காகிதம், கேட்டால் "மேலிடத்து உத்தரவு."

தேர்வுப் பதிவுக்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. வார இறுதியில் ஊருக்கு வந்து என் வீட்டு உள்ளறையில் கைப்பேசியில் பதிந்தாள். திருப்பதி சாலை லாரிகளின் ஹாரனும் அதில் சேர்ந்தது. ஒலித்தரம் குறைவென்று மதிப்பெண் குறைத்தார்கள். "மேடம், ஆறு மணிக்கு மேல வாசிச்சா தாளம் கெட்டுடுமா?" என்று சிரித்தபடிதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொன்றையும் பன்னிரண்டையும் நீக்கும்படி மாணவியர் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். கூடவே கடந்த இரண்டு பருவங்களின் பதிவேட்டுப் பிரதியையும் கேட்டிருக்கிறார்கள். 6 மணிக்குப் பிறகு எத்தனை நாள் அந்த அறைகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன என்பது அதில் இருக்கும்.