ஊசி கரையணும், ஆனா வளையக்கூடாது!

பொட்டி தட்டறவனுக்கு தடுப்பூசி பத்தி என்ன பேச்சுன்னு கேக்கப்போற மக்களே, கொஞ்சம் பொறுங்க. இதுவும் நம்ம வேலை மாதிரிதான். எதை வெச்சு கட்டறோம்ங்கறதுலயே பாதி தலையெழுத்து முடிவாயிடுது.

விஷயம் இதுதான். சின்ன ஒட்டுப்பட்டை. அதுல ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இல்லாத குட்டி குட்டி ஊசிகள். தோல்ல வெச்சு அமுக்கினா உள்ள போயி கரைஞ்சிடும். மருந்து ஊசிக்குள்ளயே கலந்திருக்கு. 2024ல காம்பியா நாட்டு சோதனை முடிவு லான்செட்ல வந்துது. தட்டம்மை எதிர்ப்பு இல்லாத கைக்குழந்தைகள்ல பட்டை ஒட்டினவங்கள்ல 93 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு வந்திருக்கு, வழக்கமான ஊசி போட்டவங்கள்ல 90.

எல்லாரும் இதோட கைதட்டிட்டுப் போயிடறாங்க. அந்த ஊசியை எதுல செய்யறதுங்கறதுதான் என் கேள்வி.

தோலைத் துளைக்க கெட்டியா இருக்கணும், உள்ள போனதும் சட்டுனு கரையணும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. தையல் நூல்ல வர்ற பிஎல்ஜிஏ நல்ல கெட்டி. ஆனா அதை வார்க்க சூடோ ரசாயனக் கரைப்பானோ வேணும், உயிருள்ள தட்டம்மைக் கிருமி அதுலயே காலி. தவிர, அது கரைய வாரக்கணக்காகும். பிவிபி தண்ணியில கரையும், அச்சுல ஊத்தி சாதாரணமா காயவைக்கலாம். 2010லயே எலிகளுக்கு ஃப்ளூ தடுப்பூசியை இதுல செஞ்சு காட்டினாங்க. ஆனா இது உடம்புக்குள்ள சிதையாது. மூலக்கூறு சின்னதா இருந்தாத்தான் சிறுநீரகம் வெளிய தள்ளும். காத்துல இருக்கற ஈரத்தையும் உறிஞ்சும். சர்க்கரை சேர்த்தா காயும்போது கிருமி பிழைக்கும். அதுவே அதிகமானா மழைக்கால கடலைமிட்டாய் கணக்கா பிசுபிசுத்துடும். அப்புறம் ஊசி எங்க துளைக்கறது, வளையத்தான் செய்யும்.

அதனால என் கட்சி இதுதான்: புதுசா 'ஸ்மார்ட்' பாலிமர் தேடி ஓடறதை விட, ஏற்கனவே ஊசி மருந்துகள்ல பழகின, தண்ணியில கரையற சரக்கை எடுத்து அதோட அளவை சரிபண்றதுதான் புத்திசாலித்தனம். எது நல்லதுன்னு ஏசி லேப்ல முடிவு பண்ணாதீங்க. ஃபிரிட்ஜ் இல்லாத ஊர்ல பெட்டி தூக்கிட்டு நடக்கற நர்ஸ் கையில வெச்சுப் பாருங்க.

ஏன்னா, இப்ப வர்ற தட்டம்மை மருந்து பெரும்பாலும் பத்து டோஸ் குப்பி. கலந்துட்டா 6 மணி நேரம்தான், மிச்சம் குப்பைக்கு. ஒரே ஒரு குழந்தை வந்தா குப்பியைத் திறக்கறதா, "அடுத்த வாரம் வாம்மா"னு அனுப்பறதா? திருப்பி அனுப்பின குழந்தை மறுபடி வரும்னு என்ன நிச்சயம்?

பட்டைன்னா ஆளுக்கு ஒண்ணு, அந்தக் கணக்கே வேண்டாம். ஆனா பட்டைக்கும் ஃபிரிட்ஜ் வேணும்னு ஆயிட்டா, பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கோம்.

வேதியியல் படிச்ச புண்ணியவான்கள் பின்னூட்டத்துல வந்து கும்மலாம் :-)