கவிழ்த்து வைத்த வில்லை

பரணில் இருந்து இறக்கிய பெட்டியைத் தட்டியதும் முதலில் இரண்டு பல்லி முட்டைகள் விழுந்தன. அடுத்து ஒரு படையே விழுந்தது. எல்லாம் ஆறு மில்லிமீட்டர் உயரப் பிளாஸ்டிக் ஆட்கள், ஒரு நெல்மணியின் நீளம்தான் ஒவ்வொருவரும். தங்கை மகன் அதில் ஒன்றைக் கட்டைவிரல் நகத்தின் மேல் நிறுத்திக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனான். "இதுக்கு மூக்கு இருக்கா மாமா?" என்றான். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது. 1996-ல் எனக்கு அந்த மூக்கு தெரிந்தது.

அப்போது நான் சிங்கப்பூரில், துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கால்போன போக்கில் நடந்தால் சுங்கை ரோடு. திருட்டுச் சந்தை என்று பெயர். தார்ப்பாயை விரித்துப் பழைய கடிகாரம், ஒற்றைச் செருப்பு, ஓடாத டேப்ரிக்கார்டர் என்று எதையும் விற்பார்கள். (2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அந்தச் சந்தையை மூடிவிட்டார்கள்.) அங்கே ஒரு சீனக் கிழவரிடம் பன்னிரண்டு வெள்ளிக்கு இந்தப் பெட்டியை வாங்கினேன். 'ஸ்பேஸ் மரீன்' என்று மேலே எழுதியிருந்தது. இங்கிலாந்தின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு. உள்ளே மூன்று படைகள்: கவசம் அணிந்த விண்வெளிப் படை வீரர்கள், ஆர்க் என்ற முரட்டுக் கூட்டம், எல்டார் என்ற பழம்பெரும் இனம். கூடவே ஒரு விரல் நீளத்துக்கு ஒரு மனித எந்திரம், வார்லார்ட் டைட்டன்.

வாங்கியதற்குக் காரணம் அந்த டைட்டன்தான். நெய்வேலிப் பக்கத்துச் சேத்தியாத்தோப்புக்காரனுக்கு அப்படி ஒன்று புதிதல்ல. ஒன்பது வயதில் சித்தப்பா என்னை நெய்வேலிக்கு அழைத்துப்போய்ச் சுரங்கத்தின் விளிம்பில் நிறுத்திக் காட்டினார். கீழே பக்கெட் வீல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாளியிலேயே நூற்றுக்கணக்கான லிட்டர் மண்ணை அள்ளும் சக்கரம் அது. 1,400 லிட்டர் வாளி வைத்த எந்திரங்களும் நெய்வேலியில் உண்டு. அதன் காலடியில் எறும்புபோல நகர்ந்தது மனிதன் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. அந்த அளவு வித்தியாசத்தைத் திரும்ப ஒருமுறை கண்டது சுங்கை ரோட்டில், பன்னிரண்டு வெள்ளிப் பெட்டியில்தான். 2023 ஜூலையில், எங்கள் ஊருக்குப் பக்கத்து வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும் எனக்கு அந்தச் சுரங்க விளிம்புதான் நினைவுக்கு வந்தது. எந்திரம் பெரிதாகத் தெரியும் இடத்தில் ஆள் சின்னதாகிவிடுகிறான்.

விளையாட்டின் பூர்வ கதையைச் சொல்ல வேண்டும், ரசமானது. 1988-ல் இதே நிறுவனம் 'அடெப்டஸ் டைட்டானிகஸ்' என்று ஒரு பெட்டி போட்டது. ராட்சத எந்திரங்கள் மோதிக்கொள்ளும் ஆட்டம். பிளாஸ்டிக் அச்சு செய்யக் காசு கொள்ளை கொள்ளையாக ஆகும். ஒரே ஒரு எந்திரத்துக்குத்தான் அச்சு போட முடிந்தது. இரண்டு பக்கமும் ஒரே எந்திரம் என்றால் யார் யாரோடு சண்டை போடுவது? அதற்காகவே ஒரு உள்நாட்டுப் போரைக் கட்டினார்கள்: பேரரசனின் செல்லப்பிள்ளை ஹோரஸ் கலகம் செய்கிறான், பாதிப் படை அவனோடு போகிறது, ஆகவே இரு தரப்பிலும் ஒரே எந்திரம். அச்சு ஒன்று, வண்ணம் வேறு. பண்ருட்டி பொம்மைக்காரர்களிடம் சொன்னால் "இதுல என்னங்க அதிசயம்?" என்பார்கள். ஆனால் அந்தச் சிக்கனத்தில் பிறந்த கதை, பிற்பாடு ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களாக விரிந்தது. கற்பனையை வளர்க்க வசதி வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த ஒற்றை அச்சு ஞாபகம் வரும்.

விடுதியில் பட்டுக்கோட்டைத் தம்பி ஒருவன் எனக்குக் கூட்டு. ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் இரண்டு டிபன் கேரியர் அடுக்குகளை வைத்துக் கைலியை விரித்தால் மலை. தையல் டேப்தான் அளவுகோல். விதிப் புத்தகம் ஆங்கிலம். லிஃப்கோ அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் மல்லாடினோம். அகராதியில் இல்லாத வார்த்தைகளுக்கு நாங்களே அர்த்தம் வைத்துக்கொண்டோம். சிறுவயதில் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. அந்த மாயாவியும் இங்கிலாந்துச் சிறுவர் பத்திரிகையிலிருந்து சிவகாசிக்கு வந்தவர்தானே.

ஊர் திரும்பிய பிறகு பெட்டி பரணுக்குப் போனது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் வீட்டு ஓடு பறந்தது. பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி அட்டைக் கட்டடங்கள் எல்லாம் கூழாயின. பிளாஸ்டிக் படைக்கு ஒன்றும் ஆகவில்லை. விதிப் புத்தகத்தின் ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது, நல்லவேளையாக எழுத்தைத் தொடவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் பதின்மூன்று வயது மருமகனோடு உட்கார்ந்து மறுபடி ஆடினேன். பழைய நினைவை நம்பி எழுதக்கூடாது என்பதால் உள்ளதைச் சொல்கிறேன்: இந்த ஆட்டத்தில் பாதி இழுவை. ஒவ்வொரு படைக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு விதிவிலக்கு. காலையில் தொடங்கியது மத்தியானச் சாப்பாடு தாண்டியும் மூன்றாவது சுற்றில் நின்றது. இருபத்தைந்து வயதில் ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருந்தன, அதனால் அன்று தெரியவில்லை. 1997-ல் அதே நிறுவனம் விதிகளை ஒட்ட நறுக்கி 'எபிக் 40,000' என்று கொண்டுவந்தது. புத்திசாலித்தனமான திருத்தம், விற்கவில்லை. 2003-ல் இன்னொரு பதிப்பு. அதன் விதிகளை நிறுவனமே இணையத்தில் இலவசமாகக் கொடுத்தது. கடைகளில் இருந்து பொம்மைகள் மறைந்த பிறகும் ரசிகர்கள் விதிகளைத் திருத்தித் திருத்தி ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனால் அந்த 1991 விதிகளில் ஒரு பகுதி மட்டும் இன்றும் மின்சாரம். சுற்றின் தொடக்கத்தில், ஒவ்வொரு அணிக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அட்டை வில்லையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அதில் உத்தரவு இருக்கும். நின்ற இடத்தில் நின்று முதலில் சுடு. நகர்ந்து பிறகு சுடு. சுடாமல் இரட்டை வேகத்தில் பாய்ந்து கைகலப்பில் இறங்கு. இந்த மூன்றில் ஒன்று. எதிராளியும் வைத்து முடித்த பிறகுதான் புரட்டுவது. புரட்டிவிட்டால் மாற்ற முடியாது.

மருமகன் முதல் ஆட்டத்தில் ஆர்க் படை முழுவதுக்கும் பாய்ச்சல் வில்லையையே வைத்தான். செல்லில் துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற கை. அங்கே செத்தால் உடனே எழுந்துகொள்ளலாம். நான் அவ்வளவுக்கும் 'முதலில் சுடு' வைத்திருந்தேன். புரட்டியதும் அவன் முகம் தொங்கிப்போனது. "மாமா, ஒரே ஒரு தடவை மாத்திக்கறேன்." கூடாது என்றேன். வெட்டவெளியில் ஓடிவந்த நாற்பது பேரை அவனே தன் கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டான். அன்று ராத்திரி என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை பல் துலக்கும் முன்பே வந்து நின்றான். அந்த ஆட்டத்தில் என் டைட்டனை நான் அவசரப்பட்டுப் பாயவிட, அவன் இரண்டு மலைக்குப் பின்னால் பீரங்கி வண்டிகளை ஒளித்து வைத்திருந்தான். நான் தோற்றேன். மாற்றிக்கொள்ள எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அம்மா எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் பெருசுங்க, நெறைய சின்னதுங்க. ஆடு புலிதானடா இது?" என்றார். முப்பது வருஷமாக எனக்குத் தோன்றாத விஷயம். ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே பலம் கிடையாது, ஒரே வழியும் கிடையாது. புலி வெட்டும், ஆடு கட்டும். சதுரங்கத்தில்கூட இல்லாத குணம் இது. பழைய கோயில்களின் கல்தளத்தில் அந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆயாவின் பேச்சைக் கேட்டபிறகு மருமகன் ஆர்க்குகளை ஆடுகள் என்றே கூப்பிடத் தொடங்கினான். ஆடத் தெரிந்தவுடன் ஆட்கள் குறைவது கண்ணில் பட்டது. பெட்டியில் காணாமல்போன பதினோரு பேருக்குப் பதிலாகப் புளியங்கொட்டை வைத்தோம். ஆட்டம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை.

பிள்ளைக்குப் போரைச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. செவ்வாய்க்கிரகத்துக்காரர்கள் பூமிமேல் படையெடுக்கும் கதையை 1898-ல் புத்தகமாக வெளியிட்ட எச்.ஜி. வெல்ஸ்தான், 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் சண்டை ஆடுவதற்கான முதல் பிரபலமான விதிப் புத்தகத்தையும் எழுதினார். போருக்கு எதிரானவர். பொம்மைப் போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவனுக்கு நிஜப்போர் எவ்வளவு மடத்தனம் என்று புரியும் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஆகவே அந்த மருந்து பலித்தது என்று நான் சாதிக்க மாட்டேன். என் கட்சி அதைவிடச் சிறியது. கையளவு பொம்மைகளில் ஒவ்வொருவனும் கதாநாயகன். அவன் முகத்துக்கு வண்ணம் தீட்டி அவனோடு நம்மை ஒட்டிக்கொள்கிறோம். ஆறு மில்லிமீட்டரில் கதாநாயகன் இல்லை. நீ உத்தரவு போட்டவன் மட்டுமே. தோற்றால் பழிபோட வேறு ஆள் கிடையாது, அந்த வில்லையை நீதான் கவிழ்த்து வைத்தாய். பதின்மூன்று வயதில் இதை விரல்நுனியில் தெரிந்துகொள்வது நல்லது. நாற்பது வயதுக்காரர்கள் பலருக்கும் தெரியவில்லை.

இந்த அளவில் வேறு ஒரு சுகமும் உண்டு. முந்நூறில் ஒரு பங்காக உலகத்தைச் சுருக்கினால் சிதம்பரம் ராஜகோபுரம் அரைச் சாணுக்குச் சற்று மேலே நிற்கும், மேசையில் வைக்கலாம். ஆனால் சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள வீராணம் ஏரியை அதே கணக்கில் சுருக்கினாலும் 47 மீட்டர் வரும். எங்கள் தெருவே போதாது. ராஜாதித்த சோழனின் படை சண்டைக்குக் காத்திருந்த காலத்தில் வெட்டிய ஏரி என்று ஊரில் சொல்வார்கள். கணக்குப் போட்டுக் காட்டியதும் மருமகன் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு தெருவில் ஏரிக்கரை வரையப் போய்விட்டான்.

2023 கடைசியில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் இதே சின்ன அளவு ஆட்டத்தை 'லீஜியன்ஸ் இம்பீரியாலிஸ்' என்று புதுப் பெட்டியில் மறுபடி கொண்டுவந்திருக்கிறது. பொம்மைகள் கொஞ்சம் பெரிதாகி, துப்பாக்கிக் குழாயின் துளைவரை தெரிகிறதாம். அழகுதான். விலையை விசாரித்தேன், பேச்சை அதோடு விட்டுவிட்டேன். என் வயதுக்காரர்கள் பலர் பழைய நினைவை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள். பிரிக்காத பழைய பெட்டிக்கு அள்ளிக் கொடுத்து, பிரிக்காமலே அலமாரியில் வைக்கிறார்கள். ஆடாத ஆட்டத்துக்கு அலமாரி எதற்கு? அட்டைத் துண்டும் புளியங்கொட்டையும் ஒரு தையல் டேப்பும் பகடையும் இருந்தால் இதைச் சேத்தியாத்தோப்பிலும் ஆடலாம், சிங்கப்பூரிலும் ஆடலாம்.

வேண்டியது ஒரு மேசை. நான்கடி நீளம், ஒரு நாள் முழுக்கக் கலைக்காமல் விடுகிற மேசை. எங்கள் பக்கத்துச் சிறிய வீடுகளில் அது கிடையாது. சாப்பாட்டு நேரம் வந்தால் போர் கலைந்துவிடும். கிளை நூலகங்களில் அது இருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடத்திய மாநிலம் இது. நூலகத்துறை மனது வைத்தால், கோடை விடுமுறை ஒன்றரை மாதத்துக்கு, ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு மேசையைப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு ஒதுக்கலாம். ஆடு புலியும் தாயமும் சதுரங்கமும் அதில் இருக்கட்டும். ஒரு மூலையில் இதுவும் இருக்கட்டும். அமைதி கெடும் என்பார்கள். வில்லையைக் கவிழ்த்து வைக்கும் நேரத்தில் பிள்ளைகள் எவ்வளவு அமைதியாக இருப்பார்கள் என்று வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் பகுதி நூலகர் யாராவது இதைப் படித்தால் சொல்லி அனுப்பினால் போதும். பெட்டியை நானே சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருகிறேன். விதிகளைத் தமிழில் எழுதியாகிவிட்டது, நாற்பது பக்க நோட்டில் முப்பத்திரண்டு பக்கம்.